வேருக்கு ஊற்றிய தண்ணீர்

"இப்ப தட்டுங்க அக்கா."

"தட்டிட்டேன் பாய்."

"இதுவா தட்டுறது? பக்கத்து வீட்டுல சீனி கேக்கப் போன மாதிரி இருக்கு. கையை மடக்கி நல்லா ஒரு குத்து விடுங்க. வீட்டுக்காரர் மேல இருக்குற கோபத்தையெல்லாம் நெனச்சுக்கிட்டு."

"அந்தக் கோபமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு லீலா குத்தினாள்.

காரின் இடப்பக்க இருக்கையில், தலை முழங்காலைத் தொடும்படி குனிந்து உட்கார்ந்திருந்தாள். டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல ஏதோ இருந்தது. அதைத்தான் குத்தச் சொன்னார் மெக்கானிக் காதர் மைதீன். அவர் மறுபக்கக் கதவோரம் மண்டியிட்டு, ஃபேன் வேகக் குமிழைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தார். புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில், பல மாடிப் பட்டறைத் தொகுதி ஒன்றின் மூன்றாவது மாடி. மணி பன்னிரண்டு இருக்கும். எதிர்ப் பட்டறையில் யாரோ டயர் கழற்றும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

மூன்றாவது குத்தில் உள்ளே ஏதோ முனகியது. இரண்டு விநாடி சுற்றியது. பிறகு நின்றது. காற்றுத் துவாரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. அதற்குப் பின்னாலேயே, மழை நனைத்த மண்ணைப் போல, வெட்டிவேர் வாசம்.

காதர் மைதீன் மூக்கைச் சுளித்தார்.

"உயிர் இருக்கு. ஆனா எந்திரிக்க மாட்டேங்குது. எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா நாலாம் நம்பர்ல வச்சாத்தான் ஓடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு எதுவும் இல்ல. சனிக்கிழமை நாலும் போயிடுச்சு."

"ஒண்ணு ரெண்டு மூணு போகும்போதே வந்திருக்கணும் லா."

"வந்திருக்கணும்" என்றாள் லீலா. எல்லாவற்றுக்கும் அவள் இப்போது இப்படித்தான் பதில் சொல்கிறாள். வந்திருக்கணும். பார்த்திருக்கணும். கேட்டிருக்கணும். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டியிருக்கிறது.

"நாலு மணிக்குள்ள முடியுமா பாய்?"

"என்ன அவசரம்?"

அவள் சொன்னாள். கணவர் ராமலிங்கத்துக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலையில் வாடகைக்கு ஓட்டும் இந்தக் காரில்தான் அந்த மூன்று நாளும் மதியம் அவரைப் பூன் லேயில் இருக்கும் வீட்டிலிருந்து கூட்டி வருவாள். இங்கேயிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில், அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது டயாலிசிஸ் நிலையம். முந்தாநாள் திங்கட்கிழமை அவர் வரவில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்தவர், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இறங்கி லிஃப்டை நோக்கி நடந்துவிட்டார். "இந்த அடுப்புக்குள்ள என்னால உக்கார முடியாது. ஃபேனைச் சரி பண்ணு. அப்புறம் வரேன்."

"டாக்சி?"

"டாக்சில தொங்கவிட்டிருக்கிற செண்ட் வாடை அவருக்கு ஆகாது. போன தடவை பாதி வழியில வாந்தி."

இன்று புதன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கெஞ்சி, கிட்டத்தட்ட இழுத்து வந்து சேர்த்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டயாலிசிஸ் இன்றுதான். கால் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. தாதி வைஷாலி எடை பார்க்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு லீலாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, இனிமே ஒரு தடவைகூட மிஸ் பண்ண விடாதீங்க, ப்ளீஸ்" என்றாள். படுக்கையில் படுத்த ராமலிங்கம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஃபேன்."

காதர் மைதீன் எழுந்தார். சோதனை விளக்கை எடுத்துவந்து ஃபேனுக்குப் போகும் ஒயரின் முனையில் வைத்தார். சிறிய பல்பு பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வருது. ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. அப்ப மோட்டார்தான் கள்ளன்." ஒயர் முனையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்தில் உருகியிருந்தது. "பாருங்க. சுத்த முடியாம முக்கி முக்கி, கரண்டை இழுத்திருக்கு. சூடாகி இதை எரிச்சிருக்கு. நெருப்புப் பிடிக்காம போச்சே, அதுவே பெருசு."

"ஏர்கான் வேலை செய்யுதே பாய். கீழ தண்ணிகூடச் சொட்டுது."

"ஏர்கான் குளிராக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அந்தக் குளிரை உங்க மூஞ்சிக்குத் தள்றது இந்த ஃபேன். சமைச்சு வச்சிட்டு பரிமாற ஆளில்லாத மாதிரி."

பேசிக்கொண்டே டேஷ்போர்டில் சாமான் வைக்கும் கையுறைப் பெட்டியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். அதற்குப் பின்னால் காற்று வடிகட்டி செருகும் சந்து. அதன் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அக்கா, ஃபில்டர் எங்கே?"

லீலா பெட்டிக்குள் இருந்த பொருட்களையே பார்த்தாள். டிஷ்யூ, ஒரு கத்தரிக்கோல், அவருடைய மருந்துச் சீட்டுகள்.

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"வெட்டிவேர் வச்சேன்."

காதர் மைதீன் சந்துக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு பாய், அவருடைய கையகலம், ஓரங்களில் நூல் தையல். பாதிக்கு மேல் காணவில்லை. மிச்சம் ஈரமாகத் தொங்கியது.

"நீங்களே தச்சீங்களா?"

"ம். பழைய ஃபில்டரை அளவு வச்சு."

"நல்ல தையல்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பிறகு அவளை இறங்கச் சொல்லிவிட்டு, தரையில் மல்லாந்து, தலையை உள்ளே நுழைத்து, மூன்று திருகுகளைக் கழற்றி மோட்டாரைக் கீழே இறக்கினார். கூடவே அரை டம்ளர் தண்ணீர் அவர் நெற்றியில் கொட்டியது.

"அல்லா! மோட்டார் குளிச்சிக்கிட்டு இருக்கு!"

வெளியே வந்ததைப் பார்த்து லீலா வாயைப் பொத்திக்கொண்டாள். சீப்புப் பற்கள் போலச் சின்னச் சின்னத் தகடுகள் வட்டமாக நிற்கும் பிளாஸ்டிக் சக்கரம் அது. ஆனால் சக்கரம் தெரியவில்லை. ஏதோ ஒரு பறவை மாதக்கணக்காகப் பொறுமையாக உட்கார்ந்து கூடு கட்டிவிட்டுப் போனதுபோல, வேர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தன. நடுத் தண்டில் துரு. காதர் மைதீன் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தார். கறகறவென்று அரை வட்டம் போய் நின்றது.

"சரி, வேர் உள்ள போனது புரியுது. காத்து இழுத்திருக்கு. தண்ணி எப்படி?"

"தண்ணி தெளிச்சாத்தானே பாய் வாசம் வரும்?"

"எவ்வளவு தெளிப்பீங்க?"



முதலில் விரல் நுனியால்தான் தெளித்தாள். மருத்துவர் ராமலிங்கத்துக்கு நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் அனுமதித்திருந்தார். குழம்பு, காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கோடு போட்ட ஒரு பாட்டிலில் காலையில் நிரப்பி வைப்பாள். மத்தியானத்துக்குள் அது பாதிக்கு வந்துவிடும். அப்புறம் அவர் ஐஸ்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். காரில் ஏறியதும் அவள் கையுறைப் பெட்டியைத் திறந்து தெளிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "அவ்வளவுதானா? இன்னும் ஊத்து லீலா" என்றார். "அந்த வேராவது குடிக்கட்டும்."

அன்றிலிருந்து அரை டம்ளர் ஊற்றினாள். வேர் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்பதுபோல அவர் தலையைச் சாய்த்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். நிலையம் வரும்வரை சண்டை போட மாட்டார். அந்த இருபது நிமிட அமைதிக்காக ஒரு டம்ளர்கூட ஊற்றியிருப்பாள்.

"பாய், சுத்தம் பண்ணிப் போட முடியாதா?"

அவர் வேர்களை வெட்டி எடுத்து, மோட்டாரை பேட்டரியில் நேராக இணைத்துப் பார்த்தார். தீப்பொறி வந்தது, சுற்றவில்லை. "உள்ள கார்பன் தேஞ்சு போச்சு. புதுசுக்கு ஆர்டர் போடலாம். சனிக்கிழமை வரும். ஆனா பத்து வருஷ பர்மிட் முடிஞ்சு எட்டு மாசத்துல ஸ்கிராப்புக்குப் போற காருக்குப் புது மோட்டார் எதுக்கு?"

"எட்டு மாசமும் ஓடணுமில்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். ஜாலான் புசார் பக்கம் நடேசன் என்பவரிடம் பழைய உதிரிபாகங்கள் உண்டு. இருக்கிறது என்றார் நடேசன். ஆனால் டெலிவரி ஆள் ஐந்து மணிக்குத்தான் வருவான்.

"நான் போறேன்" என்றாள் லீலா.

செத்த மோட்டாரைச் செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். நியூட்டனில் மாறினாள். நகரும் படிகளில் எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார்கள், அவளும் நின்றாள். நிற்பதற்கு ஒரு இடம் ஒதுக்கித் தந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்ததும் பக்கத்து இருக்கைப் பெண் மூக்கை உறிஞ்சி, எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். துரு, எரிந்த பிளாஸ்டிக், எல்லாவற்றையும் மீறி அந்த வாசம். இந்த ஒரு பெட்டி மட்டும் இருட்டுக்குள் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், அங்கே யாரும் யாரையும் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டியதில்லை என்றும் அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கதவு திறந்தது. லிட்டில் இந்தியா.

தேக்கா சந்தைப் பக்கம் வெயிலில் கொதித்தது. அவள் வேர் வாங்கும் கடையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. வாசலில் கட்டுக்கட்டாக வெட்டிவேர் தொங்கியது. கடைக்காரப் பெண் அடையாளம் கண்டு, "அக்கா, புதுசு வந்திருக்கு! நல்ல ஈர வாசம்!" என்று கூப்பிட்டாள். லீலா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

நடேசன் பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஹீட்டர் மோட்டார்" என்றார்.

"ஹீட்டர் இல்லங்க. ஏர்கானுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஜப்பான்காரன் பெட்டி மேல ஹீட்டர்னுதான் போடுவான். அவனுக்குக் குளிருது. சூட்டையும் இதான் தள்ளும், குளிரையும் இதான் தள்ளும். நமக்கு அந்தச் சிவப்புப் பக்கம் திருப்பி என்னிக்காவது வேலை இருந்திருக்கா?" சிரித்தார். பின்கட்டுக்குப் போய் அதே மாதிரி ஒன்றோடு வந்தார். பேட்டரியில் ஒயர்களை வைத்ததும் சக்கரம் சீறிச் சுழன்றது. கல்லாவிலிருந்த ரசீதுகள் பறந்தன. நடேசன் ஒரு கையால் அவற்றை அமுக்கிக்கொண்டு, பெருமையாக அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். லீலா கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அந்தக் காற்றில் நின்றாள்.

"ஒரு வாரம் கேரண்டி. ஏதாச்சும்னா வெள்ளிக்கிழமைகூடக் கொண்டாங்க."

"வெள்ளிக்கிழமை ஓடணும்" என்றாள். "அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

நடேசன் மோட்டாரைச் செய்தித்தாளில் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகங்களுக்கான சின்னத் தடைக்கருவி ஒன்றையும், மோட்டார் வந்த அதே காரிலிருந்து கழற்றியது என்று சொல்லிப் பையில் போட்டார்.

திரும்பும் ரயிலில் ஃபோன் அடித்தது. வைஷாலி.

"ஆன்ட்டி, அங்கிள் ஊசியை எடுத்துவிடச் சொல்றாரு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. பாதியில போறதுக்கு ஃபார்ம் குடு, கையெழுத்துப் போடுறேன்னு சொல்றாரு."

"அவர்கிட்ட குடும்மா."

சிறிது நேரம் இயந்திரத்தின் சத்தம். பிறகு அவர் மூச்சு.

"என்னங்க."

"ஃபேன் ஆயிடுச்சா?"

"ஆயிக்கிட்டிருக்கு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. மோட்டார் என் மடியிலதான் இருக்கு." பையை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள். "கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

"நாலு மணிக்கு வரும்போது கேக்கும். அதுவரைக்கும் இருங்க. ஃபேனைச் சரி பண்ணினா வரேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். ஃபோன் தாதியிடம் போய்விட்டது.

பட்டறையில் காதர் மைதீன் உருகிய முனையை வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைப் பொருத்தித் தயாராக வைத்திருந்தார். உள்ளே இருந்த வேர்த் துண்டுகளையெல்லாம் காற்றுக் குழாயால் ஊதி எடுத்திருந்தார். மோட்டாரும் தடைக்கருவியும் ஏறின. மூன்று திருகுகள். ஃபேன் குமிழை நாலில் வைத்தார். காற்று குபுக்கென்று வந்தது. மூன்றில் வைத்தார், நின்றது.

லீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க லா. இந்த முகத்தோட நின்னா மோட்டாரும் அழுதுடும்." மறுபடி உள்ளே நுழைந்து எதையோ அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். "ஒயர் பின் சரியா உக்காரல." மூன்று. இரண்டு. ஒன்று. எல்லாம் வந்தது. கடைசியாக அந்தச் சந்தில் மடிப்பு மடிப்பான வெள்ளைக் காகித வடிகட்டியைச் செருகினார்.

"இனிமே இதுக்குள்ள எதுவும் வைக்காதீங்க."

"ஒரு துணியில கட்டிக் கண்ணாடியில தொங்கவிடலாமா?"

"தொங்கவிடுங்க. தண்ணி மட்டும் கூடாது."

"தண்ணி இல்லாம அது வாசம் தராது பாய்."

காதர் மைதீன் தலையைச் சொறிந்தார். "அதுக்கு நான் என்ன செய்யட்டும், அக்கா?"

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே நிலையத்தின் வாசலில் நின்றாள். எஞ்சினை நிறுத்தாமல், மூன்றில் வைத்து, காரைக் குளிர வைத்தாள். ராமலிங்கம் வைஷாலியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம், துவைத்த துணிபோல வெளுத்திருந்தது. கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. ஊசி போட்ட இடது கையை, யாருடைய கையையோ பத்திரமாகத் தூக்கி வருபவர்போல, நெஞ்சோடு வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை பார்க்கலாம் அங்கிள்" என்றாள் வைஷாலி. அவர் தலையை அசைத்தார். அது எந்தப் பக்கமும் சேராத அசைவு.

கதவு மூடியதும் காற்று அவர் முகத்தில் பட்டது. முடி லேசாகப் பறந்தது.

"வந்துடுச்சே" என்றார்.

"வந்துடுச்சு."

காரை எடுத்தாள். முதல் சிக்னலில் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"வாசம் இல்லையே."

"எடுத்துட்டேன். அதுதான் உள்ளே போய்ச் சுத்திக்கிச்சாம். தண்ணி வேற இறங்கி மோட்டாரைக் கெடுத்துடுச்சு."

அவர் யோசித்தார். பிறகு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

"நான்தானே ஊத்தச் சொன்னேன்."

"நான்தானே ஊத்தினேன்."

"மெக்கானிக் திட்டினாரா?"

"தையல் நல்லா இருக்குன்னு சொன்னார்."

"அது உண்மைதான்."

மறுபடி, இந்தத் தடவை சத்தமாக, சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு என்பதால் அவள் ரேடியோவைக்கூடப் போடவில்லை. பூன் லே பக்கம் திரும்பும் சாலையில் மரங்கள் வரிசையாக வந்து போயின. அவர் வலது கையைத் துவாரத்துக்கு எதிரே நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். நான்காவது எண்ணுக்குத் திருப்பினார். மறுபடி மூன்றுக்குக் கொண்டுவந்தார். இரண்டு. எல்லாம் வேலை செய்தது. குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அவர் கையை மடியில் இறக்கினார்.

"சனிக்கிழமை இது நின்னப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றார். "சின்ன வயசுல, ஸ்கூலுக்குக் கிளம்புற நேரத்துல பெரிய மழை பிடிச்சுக்கிட்டு, இன்னிக்குப் போக வேணாம்னு ஆன மாதிரி இருந்துச்சு."

லீலா சாலையையே பார்த்தாள். முன்னால் விளக்கு சிவப்புக்கு மாறியது. காரை நிறுத்தினாள். ஃபேன் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"லீலா."

"ம்."

"வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் மட்டும், ஃபேன் ஓடலைன்னு வச்சுக்கிட்டு, என்னை வீட்டுல விட்டுடேன்."